இருமுனைப் பொருளை நீக்கும் ஆணை: தரவுத்தளப் படியாக்கச் சந்தாவின் முடிவு

தரவுத்தளத்தில் நீக்கற் கட்டளைகள் பெரும்பாலும் எளியவை. ஓர் அட்டவணையை நீக்கச் சொன்னால் அது நீங்கும். நீங்க இயலாதெனில் காரணம் சொல்லி மறுக்கும். ஆணை பிறக்கும் இடமும் அழியும் பொருள் இருக்கும் இடமும் ஒரே வழங்கியாக இருப்பதால் இந்தத் தெளிவு கிடைக்கிறது. ஒரு வழங்கியின் தரவை மற்றொரு வழங்கி தொடர்ந்து படியெடுத்துப் பெறும் ஏற்பாடான படியாக்கச் சந்தாவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதன் ஒரு பாதி இங்கே, மறுபாதி வேறொரு நகரிலுள்ள வழங்கியில். இங்கிருந்து ஆணையிடுபவரின் கை அங்கே எட்டினால் இரண்டும் நீங்கும். எட்டாவிட்டால் ஆணை என்ன செய்ய வேண்டும்? இவ்வினாவுக்கு விடை காண்பது நிரல் எழுதுவோரின் சிறு வேலையன்று. தவறான விடை, ஒரு நகரில் முடிந்த வேலையால் மற்றொரு நகரின் வழங்கியையே நிறுத்திவிடக்கூடும்.

கை எட்டாமற் போவது இலங்கையின் மலைநாட்டில் கற்பனையன்று. 2025 நவம்பரில் பகல கடுகண்ணாவையில் சரிந்த மண் கொழும்பு–கண்டி வீதியை மூடியது. அதே மாத இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த பெருமழை கண்டி மாவட்டமெங்கும் மண்சரிவுகளை உண்டாக்கி, பல ஊர்களின் வீதியையும் மின்சாரத்தையும் தொலைத்தொடர்பையும் ஒருசேரத் துண்டித்தது. கொழும்பிலுள்ள தரவுத்தளம் ஒன்றின் படியைக் கண்டியில் வைத்திருக்கும் அலுவலகம் ஒன்றை மனத்திற் கொள்வோம். இணைப்பு அறுந்த அந்நாள்களில் சந்தாவை நீக்க நேர்ந்தால் என்ன நிகழும் என்பதே இக்கட்டுரையின் ஆய்பொருள். எடுத்துக்கொள்ளும் மென்பொருள் போஸ்ட்கிரெஸ்கியூஎல்.

இம்மென்பொருள் நம் தீவுக்குப் புதிதன்று. நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகம் வளர்த்துவரும் டி.எச்.ஐ.எஸ்.2 என்னும் சுகாதாரத் தகவல் அமைப்பு போஸ்ட்கிரெஸ்கியூஎல் மீதே இயங்குகிறது. 2020 இன் தொடக்கத்தில் கோவிட் பெருந்தொற்று கால்வைத்தபோது, நாட்டுக்குள் வருவோரைக் கண்காணிக்க இலங்கைச் சுகாதார அமைச்சு அவ்வமைப்பிலேயே ஒரு பகுதியை விரைந்து உருவாக்கியது. பிற நாடுகளும் அதைப் பின்பற்றின. இத்தகைய தரவு ஒரு வழங்கியில் மட்டும் தங்கியிருப்பது பாதுகாப்பாகாது என்பதால் படியாக்கம் தேவையாகிறது.

படியாக்கத்தின் அமைப்பு

போஸ்ட்கிரெஸ்கியூஎல் தன்னுள் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும், தரவுக் கோப்புகளில் அதைப் பதிப்பதற்கு முன்னரே ஒரு பதிவேட்டில் எழுதுகிறது. முன்னெழுத்துப் பதிவேடு என இதனைக் குறிப்போம். மின்சாரம் திடீரென நின்றாலும் இப்பதிவேட்டைப் படித்து வழங்கி மீண்டெழும். இதே பதிவேட்டைத் தொலைவிலுள்ள மற்றொரு வழங்கிக்கு அனுப்பினால் அங்கும் அதே மாற்றங்கள் நிகழும். 2010 இல் வெளியான 9.0 ஆம் பதிப்பு இப்பதிவேட்டை ஓடையாக அனுப்பத் தொடங்கியது. ஆனால் அவ்வழியில் முழு வழங்கியையும் அப்படியே படியெடுக்கத்தான் இயலும்.

2017 அக்டோபர் 5 இல் வெளியான 10 ஆம் பதிப்பு அடுத்த படியை எடுத்துவைத்தது. தேர்ந்தெடுத்த அட்டவணைகளை மட்டும், வரிவரியான மாற்றங்களாகப் பிரித்து அனுப்பும் வசதி அதில் உள்ளிணைந்து வந்தது. பெத்ர் யெலினெக் இதன் முதன்மை ஆக்குநர். அனுப்பும் வழங்கியில் 'வெளியீடு' என்றொரு பொருளை உருவாக்குகிறோம். எந்த அட்டவணைகள் போகும் என்பதை அது சொல்லும். பெறும் வழங்கியில் 'சந்தா' என்றொரு பொருளை உருவாக்குகிறோம். எந்த வழங்கியை அணுகி, எந்த வெளியீட்டைப் பெறுவது என்பதை அது சொல்லும்.

சந்தா உருவாகும் கணத்திலேயே, பெறும் வழங்கி அனுப்பும் வழங்கியை அழைத்து அங்கும் ஒரு பொருளை உருவாக்கிவிடுகிறது. துறைசார்ந்தோர் இதனை ஸ்லாட் என்பர். இங்கு காப்புக்குறி என்போம். வேறு பெயர் கொடுக்காவிட்டால் சந்தாவின் பெயரையே இதுவும் தாங்கும். கண்டியில் ஒருவர் சந்தாவை உருவாக்கினால், கொழும்பில் எவரும் விசைப்பலகையைத் தொடாமலே அங்கொரு காப்புக்குறி பிறந்துவிடும். நீக்கலின் இடர் முழுவதும் இந்த இரட்டைப் பிறப்பிலிருந்தே வருகிறது.

காப்புக்குறியின் பிடி

காப்புக்குறி 2014 இல் வெளியான 9.4 ஆம் பதிப்போடு வந்தது. முன்னெழுத்துப் பதிவேடு இயல்பாக 16 மெகாபைட்டு அளவுள்ள துண்டுகளாக எழுதப்படுகிறது. பழைய துண்டுகள் தேவையற்றுப் போனதும் வழங்கி அவற்றை நீக்கும், அல்லது மீளப் பயன்படுத்தும். படியைப் பெறுபவர் சற்றுப் பின்தங்கினால், அவருக்கு வேண்டிய துண்டு அதற்குள் அழிந்திருக்கலாம். அதைத் தடுக்கவே காப்புக்குறி. பெறுபவர் எந்த இடம் வரை வாங்கி உறுதி சொன்னாரோ அந்த இடத்தை அது நினைவில் வைத்து, அதற்குப் பிற்பட்ட துண்டு எதையும் அழியவிடாது. இணைப்பு அறுந்தாலும், அனுப்பும் வழங்கியே வீழ்ந்து எழுந்தாலும், காப்புக்குறி அழியாது நிற்கும்.

மகாவலியை மறித்து 1976 முதல் இயங்கிவரும் பொல்கொல்ல அணைக்கட்டு, ஆற்றுநீரின் ஒரு பங்கை ஏறத்தாழ 8 கிலோமீற்றர் சுரங்கவழியே உக்குவெல மின்நிலையத்துக்குத் திருப்புகிறது. சுரங்கம் அடைபட்டு நீர் ஏற்கப்படாத நாளிலும் ஆறு வந்துகொண்டேயிருக்கும். மிகைநீரை வான்கதவுகள் வெளியேற்றும். காப்புக்குறியோ, வரம்பு எதுவும் வைக்காவிட்டால், வான்கதவு இல்லாத அணை. ஏற்பவர் இல்லையென்றாலும் அது நீரைப் பிடித்துக்கொண்டேயிருக்கும். பதிவேட்டுத் துண்டுகள் நாள்தோறும் குவியும். வட்டு நிரம்பிப் புதிய பதிவு எழுத இடமற்றுப் போனால் அனுப்பும் வழங்கி தன்னை நிறுத்திக்கொள்ளும். படிக்கென வைத்த ஏற்பாடு மூலத்தையே வீழ்த்தும் நிலை இது.

குவிவது பதிவேடு மட்டுமன்று. பழைய மாற்றங்களைப் பொருள்கொள்ள அக்காலத்து அமைப்புப் பட்டியல்கள் வேண்டும். ஆகவே அப்பட்டியல்களின் காலாவதியான வரிகளைத் துப்புரவு செய்வதையும் காப்புக்குறி தடுத்துவைக்கிறது. ஏற்பவரற்ற ஒரு குறி, எவரும் கவனியாத மூலையிலிருந்து முழு வழங்கியின் உடல்நலத்தையும் கெடுக்கும்.

ஆணைக்கு முன்னுள்ள மூன்று வழிகள்

சந்தாவை நீக்கும் 'டிராப் சப்ஸ்கிரிப்ஷன்' கட்டளையை வடிவமைப்பவர் முன் மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, இங்குள்ள பாதியை மட்டும் நீக்கி வேலை முடிந்ததென்று சொல்வது. ஆணையிட்டவர்க்கு இது இனிது; கட்டளை ஒருபோதும் தவறாது. ஆனால் கொழும்பில் ஒரு குறி ஆதரவற்று எஞ்சும். அதை உருவாக்கியது எது என்று சொல்லும் ஆவணம் கண்டியில் இருந்தது; அதுவும் இப்போது அழிந்துவிட்டது. சில வாரங்கள் கழித்து வட்டு நிரம்பும்போது, காரணத்தைத் தேடுபவர் வேறு ஊரிலுள்ள வேறொருவராக இருப்பார்.

இரண்டாம் வழி, மறுமுனையை அணுகிப் பார்த்து, முடியாவிட்டால் எச்சரிக்கை மட்டும் எழுதிவிட்டு இங்குள்ளதை நீக்குவது. நடுநிலைபோலத் தோன்றும் இவ்வழியின் குறை, எச்சரிக்கையை யார் படிப்பார் என்பதில் இருக்கிறது. நீக்கற் கட்டளைகள் பல வேளைகளில் மனிதர் கையால் இடப்படுவதில்லை. இரவில் ஓடும் நிரல்களுக்குள் இருக்கின்றன. நிரலுக்கு வெற்றி, தோல்வி என்னும் இரண்டே புரியும். எச்சரிக்கையோடு கூடிய வெற்றி அதற்கு வெறும் வெற்றிதான்.

மூன்றாம் வழி, இரு பாதிகளும் நீங்கினாலன்றி எதையும் நீக்காமல், வழு என்று உரக்கச் சொல்லி மறுப்பது. போஸ்ட்கிரெஸ்கியூஎல் இதையே இயல்பு நடத்தையாகக் கொண்டது. கொழும்பை அணுக முடியாவிட்டால் கண்டியில் சந்தா நீங்காது. அவசரத்தில் இருப்பவர்க்கு இது சினமூட்டும். எனினும் மறுப்பினால் எதுவும் இழக்கப்படுவதில்லை. எஞ்சிய கடமையை நினைவூட்டும் பொருள், அதாவது சந்தா, அழியாது இருக்கிறது.

மறுப்போடு நின்றிருந்தால் அதுவும் குறையே. கொழும்பு வழங்கி நிலையாக அழிந்துபோயிருக்கலாம். இல்லாத ஒன்றை அணுக முடியவில்லை என்பதற்காகக் கண்டிச் சந்தா என்றென்றும் நீக்க முடியாத சுமையாகக் கிடக்க வேண்டுமா? எனவே மறுப்பிலிருந்து வெளியேற ஒரு கதவும் வேண்டும். அக்கதவை எங்கே வைப்பது என்பதில்தான் 2017 இல் ஒரு திருத்தம் நேர்ந்தது.

தெரிவுச்சொல்லும் பொருளின் நிலையும்

அவ்வாண்டு சனவரியில் இவ்வசதி மூலநிரலில் சேர்ந்தபோது, நீக்கற் கட்டளைக்குள்ளேயே ஒரு தெரிவுச்சொல் இருந்தது. 'நோட்ராப் ஸ்லாட்' என்று சேர்த்தால், மறுமுனைக் குறியைத் தொடாமல் சந்தா மட்டும் நீங்கும். மே மாதத்தில், பதிப்பு வெளியாகுமுன்னரே, அச்சொல் அகற்றப்பட்டது. நீக்கற் கட்டளை, சார்ந்தவற்றையும் சேர்த்து நீக்கும் 'கேஸ்கேட்', சார்ந்தவை இருந்தால் மறுக்கும் 'ரெஸ்ட்ரிக்ட்' என்னும் இரண்டுக்கு மேல் தெரிவுகளை ஏற்கலாகாது என்பதே முன்வைக்கப்பட்ட காரணம். மரபுக்காகச் சொன்ன வாதம்போல் இது தோன்றலாம். ஆனால் இதன் அடியில் உறுதியான கருத்து ஒன்று உண்டு. தரவுத்தளத்தில் ஒரு பொருள் நேர் ஆணையால் மட்டும் நீங்குவதில்லை. தான் சார்ந்த வேறொன்று நீங்கும்போது தொடர்ந்து நீங்குவதும் உண்டு. அப்போது தெரிவுச்சொல்லைச் சேர்ப்பதற்கு வாய் இல்லை. எனவே எப்படி நீக்குவது என்னும் செய்தி ஆணையில் இருப்பதைவிடப் பொருளின் நிலையில் இருப்பதே முறை.

அகற்றிய தெரிவுச்சொல்லின் இடத்தில் வேறொரு வழி வந்தது. முதலில் 'ஆல்டர் சப்ஸ்கிரிப்ஷன்' கட்டளையால் சந்தாவை முடக்க வேண்டும். பிறகு அதே கட்டளையால் காப்புக்குறியின் பெயரை 'நன்', அதாவது எதுவுமில்லை, என்று அமைக்க வேண்டும். இயங்கும் சந்தாவில் இரண்டாம் படியை வழங்கி ஏற்காது. முடக்கிய பின்னரே ஏற்கும். இவ்விரண்டுக்கும் பிறகு நீக்கற் கட்டளை மறுமுனையைத் தேடாமல் உள்ளூர்ப் பாதியை மட்டும் நீக்கும். மறுமுனையை அணுக முடியாமல் கட்டளை தோற்கும்போது, இந்தப் படிகளையே வழுச்செய்தியின் கீழ்க் குறிப்பாகத் தருகிறது.

ஒரு சொல்லால் முடிந்ததை மூன்று கட்டளைகளாக நீட்டியதில் பயன் என்ன? அவசரத்தில் ஒட்டிய சொல் ஒருமுறை பழகிவிட்டால் எல்லா நிரலிலும் ஏறிவிடும். மூன்று படிகளோ, மறுமுனையோடு எனக்கு இனித் தொடர்பில்லை என்று ஒருவர் எண்ணி எடுத்த முடிவாக நிற்கின்றன. அதோடு இடைப்பட்ட நிலை அமைப்புப் பட்டியலில் பதிவாகிறது. குறியற்ற, முடங்கிய சந்தா ஒன்று இருக்கிறதென்பதை அலுவலகத்திலுள்ள வேறொருவரும் பார்த்து வினவலாம். 'கேஸ்கேட்', 'ரெஸ்ட்ரிக்ட்' இரண்டையும் இக்கட்டளை இன்றும் எழுத்தளவில் ஏற்கிறது. சந்தாவைச் சார்ந்து வேறெதுவும் இல்லாததால் அவற்றுக்கு விளைவு ஒன்றும் இல்லை.

எச்சம் எந்தப் பக்கம் விழ வேண்டும்

தரவுத்தள ஆணைகள் பலவற்றை ஒரே தொகுதியாகக் கட்டி, இறுதியில் உறுதி செய்யவோ முற்றும் கைவிடவோ இயலும். காப்புக்குறியை நீக்குவது அத்தொகுதிக்குள் அடங்காது. கொழும்பில் குறி நீங்கிய பின் கண்டியில் தொகுதியைக் கைவிட்டால், சந்தா மீண்டு வரும், குறி மீளாது. ஆகவே குறியோடு இணைந்த சந்தாவைத் தொகுதி ஒன்றினுள் வைத்து நீக்க வழங்கி இடம்தராது. தனி ஆணையாகவே இட வேண்டும். குறியின் தொடர்பை முன்னரே அறுத்த சந்தாவுக்கு இத்தடை இல்லை; அங்கே எல்லாமே உள்ளூர்ப் பொருள்.

தனி ஆணையாக இட்டாலும் ஒரு நுண்ணிய இடைவெளி எஞ்சும். 1978 இல் ஜிம் கிரே இரு தளபதிகள் சிக்கல் என்று பெயரிட்டு விளக்கியது இதன் வேர். நம்ப முடியாத தூதர்வழி பேசும் இருவர், ஒரே முடிவுக்கு இருவரும் வந்துவிட்டோம் என்று ஒருபோதும் முழு உறுதி பெற இயலாது. எத்தனை மறுமொழி அனுப்பினாலும் கடைசித் தூதர் சென்றடைந்தாரா என்னும் ஐயம் நீங்காது. எனவே இருமுனை நீக்கலில் எச்சம் எப்போதுமே எழாதவாறு செய்ய முடியாது. எழுந்தால் அது எந்தப் பக்கம் விழ வேண்டும் என்பதை மட்டும் வடிவமைப்பவர் தேர்ந்துகொள்ளலாம்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல் இதைச் செயல்வரிசையால் தேர்கிறது. முதலில் உள்ளூர்ப் பதிவுகளை நீக்கத் தொடங்குகிறது. படியைப் பெற்றுக்கொண்டிருக்கும் செயல்களை நிறுத்துகிறது. மறுமுனைக் குறியை நீக்குவதைக் கடைசியில் வைக்கிறது. அது வென்ற பின்னரே உள்ளூர் மாற்றம் உறுதியாகிறது. மறுமுனை தோற்றால் உள்ளூரில் நீங்கியது போலிருந்தவை எல்லாம் முன்னிலைக்குத் திரும்பும். குறி நீங்கியபின், உறுதியாகுமுன், கண்டி வழங்கி வீழ்ந்தால்? சந்தா கண்டியில் எஞ்சும். கொழும்பில் எதுவும் எஞ்சாது. மீண்டும் நீக்க முயன்றால் அத்தகைய குறி இல்லை என்று வழு வரும். மேற்சொன்ன மூன்று படிகளால் தீர்க்கலாம். எச்சம் ஆணையிட்டவர் கண்முன் விழுகிறது. அயலவரின் வட்டில் விழுவதில்லை. இக்கட்டளையின் வடிவமைப்பில் மிகச் சிறந்த கூறு இதுவே.

பிற மென்பொருள்கள் சென்ற வழி

பொறுப்பை வேறுவிதமாகப் பகிர்ந்த மென்பொருள்களும் உண்டு. மைஎஸ்கியூஎல் தன் மாற்றப் பதிவேட்டை யார் பெற்றார் என்று நினைவில் வைப்பதில்லை. 8.0 ஆம் பதிப்பில் இயல்பாக 30 நாள்களுக்குப் பிறகு பழைய கோப்புகள் அழியும். பெறுபவர் பிரிந்து போவதற்கு மூலத்தின் இசைவு வேண்டாம். நீக்கல் ஒருமுனை வேலையாகிவிடுகிறது. ஆனால் 31 ஆம் நாளில் மீண்டுவரும் படிக்கு இடைப்பட்ட மாற்றங்கள் கிடையா. மைக்ரோசொப்டின் எஸ்கியூஎல் சேவரில், இழுத்துப் பெறும் சந்தாவை முடிக்க இரு முனைகளிலும் தனித்தனி ஆணை இட வேண்டும். இடையிலுள்ள பகிர்வுத் தளம் மாற்றங்களை இயல்பாக அதிகபட்சம் 72 மணிநேரம் காக்கும்.

மூலம் மறந்துவிடலாம் என்று விட்டால் நீக்கல் எளிதாகும், படி நம்பகம் இழக்கும். மூலம் மறவாது என்று உறுதி தந்தால் படி நம்பகம் பெறும், நீக்கல் கடினமாகும். போஸ்ட்கிரெஸ்கியூஎல் இரண்டாவதைத் தேர்ந்தது. அதன் நீக்கற் கட்டளையின் கண்டிப்பு அத்தேர்வுக்குக் கொடுக்கும் விலை.

நீக்க ஆளில்லாத நிலை

இதுவரை சொன்னது, கண்டி வழங்கி உயிருடன் இருந்து கொழும்பை எட்ட முடியாத நிலை. அதன் மறுதலை இன்னும் கொடிது. மண்சரிவில் கண்டி வழங்கியே அழிந்துபோனால் நீக்கற் கட்டளையை இட எவரும் இல்லை. அங்கே கட்டளையின் நல்லொழுக்கம் உதவாது. மூலத்தின் பக்கமிருந்தே காவல் வேண்டும்.

அனுப்பும் வழங்கியில் காப்புக்குறிகளின் பட்டியல் ஒன்று உண்டு. ஒவ்வொரு குறியும் இப்போது பயன்பாட்டில் உள்ளதா, பதிவேட்டின் எந்த இடத்திலிருந்து பிடித்துவைத்திருக்கிறது என்பதை அது காட்டும். பயன்பாட்டில் இல்லாத குறியை அங்குள்ள மேலாளர் அதற்கென உள்ள செயற்கூற்றால் நேரே நீக்கலாம். 2020 இல் வந்த 13 ஆம் பதிப்பு, ஒரு குறி எவ்வளவு பதிவேட்டைப் பிடித்துவைக்கலாம் என்பதற்கு உச்சவரம்பு வைக்க இடம் தந்தது. அணைக்கு வான்கதவு வந்தது அப்போதுதான். 2025 இல் வந்த 18 ஆம் பதிப்பு, குறித்த காலம் பயன்படாத குறியைச் செல்லாததாக்கும் வசதியையும் சேர்த்தது. இரண்டும் இயல்பாக மூடியே கிடக்கின்றன. மேலாளர்தான் திறந்து அளவிட வேண்டும்.

அந்த அளவு பொறியியல் முடிவு. வரம்பைச் சிறிதாக வைத்தால் மூலம் பிழைக்கும். மீண்டுவரும் கண்டிப் படியோ முழுத் தரவையும் மெலிந்த இணைப்பில் மீண்டும் இறக்க வேண்டியிருக்கும். பெரிதாக வைத்தால் பல நாள் துண்டிப்பையும் தாங்கலாம். அதற்கேற்ப வட்டு வேண்டும். ஒரு நாளில் எத்தனை கிகாபைட்டுப் பதிவேடு உருவாகிறது, மலைநாட்டுப் பேரிடர் ஒன்றில் இணைப்பு எத்தனை நாள் அறுந்திருக்கும் என்ற இரண்டையும் பெருக்கிப் பார்த்தே வரம்பு வைக்கத் தகும்.

நீங்காது எஞ்சுவது

சந்தா நீங்கினாலும், அதன்வழி வந்த தரவு கண்டியில் அப்படியே இருக்கும். அட்டவணைகள் அழியா, வினவினால் விடையும் வரும். ஆனால் அவ்விடை சந்தா நின்ற நாளின் விடை. திரையில் பார்ப்பவர்க்கு வேறுபாடு தெரியாது. அதே அட்டவணைகள் மீது சந்தாவை மறுபடி உருவாக்கினால், மூலத்திலுள்ள தரவு முழுவதையும் இறக்கும் முதற்படியெடுப்பு இயல்பாகவே தொடங்கி, முன்பே உள்ள வரிகளோடு மோதி முதன்மைச் சாவி வழுவில் நிற்கும். முதற்படியெடுப்பை அணைத்துத் தொடங்கினால் மோதல் இராது. இடைக்காலத்து மாற்றங்கள் மட்டும் ஓசையின்றி விடுபட்டுப் போகும். அட்டவணையை வெறுமையாக்கி முழுதும் மீண்டும் பெறுவதே ஐயமற்ற வழி. சந்தா உள்ளிருக்கும் தரவுத்தளத்தை முழுதாக நீக்க முயன்றாலும் வழங்கி மறுக்கும். அங்கும் காவல் அதே நெறியில் நிற்கிறது.

இவற்றிலிருந்து பெறத்தக்க நெறி நிரலாளர்க்கு மட்டும் உரியதன்று. வேறொருவர் இடத்தில் கடமையை உருவாக்கும் எந்த ஆணையும், நீக்கும்போது அக்கடமையையும் தீர்க்க முயல வேண்டும். தீர்க்க முடியாதபோது வெற்றி என்று பொய் சொல்லலாகாது. விதிவிலக்கு வேண்டுமெனில் அதைத் தனிப்படியாக, பதிவாகும் முடிவாக வைக்க வேண்டும். எஞ்சுவது ஆணையிட்டவர் பக்கமே எஞ்ச வேண்டும். மலைநாட்டில் வழங்கி வைத்திருப்போர் தம் பேரிடர்த் திட்டத்தில் ஒரு பக்கத்தை இதற்கென ஒதுக்குவது நன்று: எம் காப்புக்குறிகள் எந்த நகரில் எந்தப் பெயரில் உள்ளன, இணைப்பு எத்தனை நாள் அறுந்தால் அவற்றை நீக்குவது, நீக்கும் உரிமை யாருக்கு என்பன அதில் எழுதப்பட வேண்டும். அப்பக்கத்தின் ஒரு படி கொழும்பிலும் இருக்க வேண்டும். கண்டி வழங்கி அழிந்த நாளில் அதைப் படிக்க வேண்டியவர் கொழும்பிலேயே இருப்பார்.